ஒன்று குறைந்த மாதேஷ்

ஓசூரில் பிரேக் டிரம் செய்யும் ஒரு கம்பெனியின் வெளிவாசல் கணக்குப் பழகியது மாதேஷின் வாயால்தான். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போக, புதிதாக மாட்டிய இரும்புக் கேட்டில் கார்டு தேய்க்க வரிசையில் நின்றவன், சும்மா நின்றிருக்கலாம். கேட்டுக்குப் பாடம் எடுத்தான். கார்டில் இருக்கிற டோக்கன் எண்ணை மீதியில்லாமல் வகுக்கிற, அதைவிடச் சின்ன எண்களையெல்லாம் கூட்டு. ஆறு என்றால் ஒன்று, இரண்டு, மூன்று. கூட்டினால் ஆறே வரும், நிறைவு எண், போகட்டும். கூடுதலாக வந்தாலும் போகட்டும். குறைந்தால் விடாதே. வரிசை சிரித்தது. கேட் சிரிக்கவில்லை, கற்றுக்கொண்டது.

மாதேஷின் டோக்கன் அறுபத்துநாலு. ஒன்று, இரண்டு, நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. மொத்தம் அறுபத்துமூன்று. கேட் திறக்கவில்லை.

அன்று பாதிப் பேருக்கு மேல் உள்ளேயே தங்கினார்கள். கேண்டீனில் கூடுதலாகக் களி கிண்டினார்கள். சுவர் ஏறிக் குதித்தவர்கள் உள்பக்கமே விழுந்தார்கள். கடைசியில் ஹெச்.ஆர். டோக்கன்களை இரட்டிப்பாக்கியது. பதினாலாக இருந்த முனிவேல் இருபத்தெட்டாகி, கூட்டினால் இருபத்தெட்டே வர, விசிலடித்துக்கொண்டு போனான். பேக்கிங் பவளம் பத்திலிருந்து இருபதானாள். கூட்டினால் இருபத்திரண்டு, இரண்டு மிச்சம். வெளியேறாதவர்களுக்கு மறுபடி இரட்டிப்பாக்க, ஒவ்வொருவராகக் கரையேறினார்கள். மாதேஷ் நூற்றிருபத்தெட்டானான், கூட்டு நூற்றிருபத்தேழு. இருநூற்று ஐம்பத்தாறானான், இருநூற்று ஐம்பத்தைந்து. எத்தனை இரட்டித்தாலும் ஒன்று குறைகிற இதே வியாதி இருந்த மற்ற டோக்கன்காரர்கள், கேட் மாட்டுவதற்கு முன்பே வேலையை விட்டுப் போயிருந்தார்கள்.

வருஷங்கள் போயின. காவேரிப்பட்டினத்திலிருந்து அம்மா போனில், எப்பொ வரே என்று கேட்பாள். அவன் ஹெச்.ஆரைக் கேட்பான். "பாத்துட்டே இருக்கோம்ப்பா." யூனியனைக் கேட்டால், "பேசிட்டு சொல்றோம்."

தினமும் ஷிஃப்ட் முடிந்து பவளம் வெளியே போகும்போது மாதேஷ் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு மிச்சம் வெச்சிருக்கியே, ஒண்ணு குடேன், சேந்து குடும்பம் நடத்தலாம்" என்பான்.

"நீ பேசறதுல எது நெசம்னு எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று அவள் பஸ் ஏறிவிடுவாள்.

ஒரு மழை நாளில் அவனுக்குக் கேலி ஒன்றும் வாயில் வரவில்லை. "பவளம், எனக்கு உள்ளயே இருக்க பயமா இருக்கு. நீ எங்கூட வருவியா?"

பெங்களூர் ரோட்டில் ஹாரன் அடித்த கம்பெனி பஸ்ஸை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"வரன். ஒண்ண எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணு போதும்."

கேட் திறந்தது. செக்யூரிட்டி திம்மராயன் வழக்கம்போல அவன் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு, போகச் சொன்னார்.