பெரியக்காவுக்கு நாள் தள்ளிப் போனது

அந்தச் சலவை ஆலையில் அவளை எல்லோரும் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதுக்காக வைத்த பெயர். இடுப்பும் வயிறும் தன்னிஷ்டத்துக்குப் பெருக்க ஆரம்பித்த பிறகு, அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குச் சுருக்கென்றது.

ஒரே ஆறுதல் இஸ்திரி அறையின் ஆவி. திடீரென்று நெஞ்சிலிருந்து சூடு கிளம்பி முகமெல்லாம் வியர்வை கொட்டினாலும் கேட்பாரில்லை. அங்கே எல்லோருக்கும்தான் வியர்த்தது.

வாய்தான் சும்மா இருக்கவில்லை. மதிய இடைவேளையில் தங்கையிடம் போனில், "மாசக்கணக்கா நாள் தள்ளித் தள்ளிப் போகுதுடி, உடம்பு வேற ஊதிப் போச்சு" என்று சொல்லித் தொலைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் அம்மாவின் காது. நம் பேச்சில் நாள் தள்ளிப் போனால் ஒரே அர்த்தம்தானே! வயிறும் அதற்குச் சாட்சி சொன்னது.

"என்ன பெரியக்கா, இந்த வயசுல! சரி சரி, மூட்டையெல்லாம் தூக்காதீங்க. ஃபேனுக்குக் கீழ உக்காந்து துணி மடிங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். இல்லையென்றால் பின்னே என்னவென்று சொல்ல வேண்டுமே? கழுத்தில் காற்றுப் பட்டது. உட்கார்ந்துவிட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் மறுநாளும் உட்கார்ந்தாள், அதற்கடுத்த நாளும். அந்த அறையில் இருந்ததே ஒரு நாற்காலிதான். செய்தியோ ஆலை முழுக்கப் பரவிவிட்டது.

அந்த வாரக் கடைசியில், மூட்டை சுமந்து வந்த புதுப்பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குக் கல்யாணமான புதிது. முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா?"

அவள் குனிந்து காதோரம் சொன்னாள்: "அக்கா, எனக்கும் உங்கள மாதிரியே நாள் தள்ளிப் போயிருக்கு. இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

உங்கள மாதிரியே! பெரியக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. எழுந்துவிட்டாள்.

"நீ உக்காரு."

"ஐயோ, நீங்களும்தானேக்கா..."

"எனக்குப் பிள்ளையுமில்ல, ஒண்ணுமில்ல. மாசாமாசம் வர்றது நிக்கப் போகுது, அவ்வளவுதான்."

மெதுவாகத்தான் சொன்னாள். அந்த நேரம் பார்த்தா இயந்திரம் ஓய வேண்டும்? அறை முழுக்கக் கேட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியக்கா தலை நிமிரவேயில்லை.

சூப்பர்வைசர் அம்மா அருகே வந்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"அடடே! அப்ப உங்களுக்கு ஒண்ணுமில்லயே? மூட்டை தூக்கலாம்ல?"

"தூக்கலாம்மா."

குனிந்தபோது நெஞ்சிலிருந்து மறுபடி அந்தச் சூடு கிளம்பியது. வெளுத்த துணியில் வியர்வை சொட்டிவிடக் கூடாதே என்று முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு, புதுப்பெண்ணின் மூட்டையைத் தூக்கினாள்.