பதினேழாம் நம்பர் கத்தரி

முப்பத்தாறு கத்தரி ரகங்களின் இலையை அரைத்து, டி.என்.ஏ. எடுத்து, எது எதற்குச் சொந்தம் என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. செடிக்கெல்லாம் சொந்தம் தேடுகிற எனக்கு நாகர்கோவில் ஹாஸ்டலில் பேச ஆளில்லை. அம்மாவும் அப்பாவும் மஸ்கட்டில். ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் கூப்பிடுகிற ஒரே ஆள் சிதறால் விவசாயி கிருஷ்ணமணி மாமா. பதினேழாம் நம்பர் அவர் தோட்டத்துச் செடி; அவர் பேச்சில் கத்தரி என்றால் வழுதலங்காய்.

"பிரிஜா மக்களே, எனக்க வழுதலங்காயிக்க ரிசல்ட் வந்துதா?" என்பார்.

வந்திருக்காது. அது அவருக்கும் தெரியும். பிறகு அரைமணி நேரம் மழை, மூட்டுவலி, செத்துப்போன மனைவி வைத்த தீயல் குழம்பு என்று பேச்சு போகும். விதை அந்த அம்மா கொண்டுவந்தது. வேறு யாருக்கும் ஒரு விதைகூடக் கொடுத்ததில்லை என்று படிவத்தில் எழுதச் சொல்லி, எழுதியதை வாசிக்கவும் வைத்த மனுஷன்.

ரிசல்ட் வந்தது. ஒப்பிட்ட பன்னிரண்டு டி.என்.ஏ. மார்க்கரிலும் பதினேழின் கோடுகளும் குளச்சலில் எடுத்த முப்பத்தொன்றின் கோடுகளும் அச்சு அசல் ஒன்று. ஒரே டியூபை இரண்டு தடவை ஓட்டியிருக்கிறாய் என்று கைடு திட்டினார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு செடியிலும் புது இலை பறித்து வந்து மறுபடி ஓட்டினேன். அதே கோடுகள்.

அந்த ஞாயிறு நானே கூப்பிட்டேன்.

"மாமா, குளச்சல்ல ஆருக்காவது விதை குடுத்தியளா?"

"இல்லியே. ஏன்?"

"அங்க ஒரு அக்கா ரெண்டு சாக்குல இதே செடி வச்சிருக்காவ. அஜிதான்னு பேரு."

பேரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

"எனக்க மவளாக்கும்," என்றார். "படகுக்காரனைக் கெட்டிப் போயி பதினொரு வருஷம். நான் வீட்டுல ஏத்தல்ல. அவளுக்க அம்மை எனக்குத் தெரியாம குடுத்திருக்கா."

 இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே மாதிரி இரண்டு இருந்தால் பட்டியலில் ஒன்றைத்தான் வைப்பார்கள் என்று சொன்னேன்.

"எனக்க நம்பரை வெட்டிரு. அவளுக்க பேரு கெடக்கட்டும்," என்றார். கொஞ்சம் கழித்து, "அவளுக்க போன் நம்பரு உனக்க கையில இருக்குமே?" என்று கேட்டார்.

அஜிதா அக்காவிடம் கேட்டேன். அழுது முடித்துவிட்டு, கொடு என்றார். கொடுத்தேன். பட்டியலில் பதினேழையும் அடித்தேன்.

அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குப் போன் வரவில்லை. மகளோடு பேசிக்கொண்டிருப்பார்; சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், சந்தோஷமும் பட்டேன். ஆனாலும் ஏழரை வரை போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.