கவனமாகப் படித்த பின்

ஐனார் லாக்சோ தன் மகளுக்கு எந்தச் சலுகையும் காட்டியதில்லை. ஏரிக்கரை ஊரில் எல்லோருக்கும் அது தெரியும். தெரியவேண்டும் என்றுதான் அவரும் நடந்துகொண்டார். அவர் தந்தை டோய்வோ தொடங்கிய மீனியல் ஆய்விதழுக்கு இப்போது அவர்தான் ஆசிரியர். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரி மீனைப் பற்றி யார் எதைக் கண்டுபிடித்தாலும் அந்த இதழில் வந்தால்தான் மதிப்பு. லாக்சோ என்ற பெயர் அதில் இருக்கும்வரை அதன்மேல் ஒரு சொல் படக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம்.

அதனால்தான் போன இலையுதிர் காலத்தில், இதழுக்கு வந்த கட்டுரை ஒன்றின் முகப்பில் தன் மகள் ஐலாவின் பெயரைப் பார்த்ததும் அவருக்கு முகம் சிவந்தது. ஐலா ஏரியின் மறுகோடியில், டுலூத்தில் பேராசிரியை. சொந்தக்காரர் கட்டுரை வந்தால் இதழாசிரியர் அதைத் தொடாமல் துணை ஆசிரியரிடம் தள்ளிவிட வேண்டும் என்பது விதி. அந்த விதி சலுகை காட்டுகிறவர்களுக்காக எழுதப்பட்டது, தனக்கல்ல என்று ஐனார் நினைத்தார். மதிப்பீட்டாளர் யாருக்கும் அனுப்பாமல் அன்றைக்கே கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

கோடை தொடங்கிய ஒரு சனிக்கிழமை, வால்டர் கின்னுனென் வழக்கம்போல ஐனார் வீட்டு நீராவிக் குளியலுக்கு வந்தார். இளவயதிலிருந்தே நண்பர். இதழை வெளியிடும் சங்கத்தில் ஒழுங்குக் குழுவின் தலைவரும் அவர்தான். இருவரும் துண்டோடு மரப்பலகையில் உட்கார்ந்ததும் அவர் பேச்சை எடுத்தார்.

"உன்மேல புகார் வந்திருக்குப்பா."

"என்மேலயா? என்னவாம், பொண்ணுக்கு எடம் குடுத்துட்டேன்னா?"

"குடுக்கலைன்னு."

ஐனார் சிரித்துக்கொண்டே அடுப்பில் காய்ந்த கல்லின்மேல் தண்ணீரை அள்ளி ஊற்றினார். "சொந்தப் பொண்ணு கட்டுரையையே வேணாம்னு சொன்னவனுக்கு நீங்க மெடல் குத்தணும்டா."

"மெடல் அப்பறம் குத்தறேன். மொதல்ல தண்ணி ஊத்தறத நிறுத்து, முதுகு வேகுது." வால்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அது உன் பொண்ணு கட்டுரை இல்ல. கோரா ஸ்வீனின்னு ஒரு மாணவி. மொதப் பேரு அவளோடது. ஐலா கடைசியில, வழிகாட்டியா இருக்கா. நீ பாக்கலையா?"

ஐனார் பார்க்கவில்லை. அந்தப் பெயரையே இப்போதுதான் கேள்விப்படுகிறார்.

"ஆழத்து வெண்மீன் முன்ன மாதிரி வளரறதில்லைன்னு அவ கண்டுபிடிச்சிருக்கா. அதையே கொலராடோ பல்கலைக்கழகக்காரங்க எழுதி, நீயே மதிப்பீட்டுக்கு அனுப்பி, இந்த வசந்தத்துல போட்டுட்ட. இப்ப அது அவங்க கண்டுபிடிப்பு. இவளுதைத் தள்ளின, அவங்களுதை எடுத்த. அந்தப் பொண்ணு என்ன நெனைப்பா? யோசனைய நீ அவங்களுக்கு நழுவ விட்டுட்டேன்னுதானே?"

"லாக்சோ வீட்ல திருடன் பொறக்கலடா!"

"எனக்குத் தெரியும். ஊருக்கு அதை எப்படிக் காட்டுவ? தொடாம இருந்திருந்தா காட்டவே வேண்டியிருந்திருக்காது."

வால்டர் குரலைத் தணித்தார்.

"இங்க பாரு. குழுவுக்கு நான் ஒண்ணே ஒண்ணுதான் எழுதணும். நீ படிச்சுட்டுத்தானே திருப்பின? உன் பதில்லயே இருக்கே, 'கவனமாகப் படித்த பின்'னு. ஆமான்னு சொல்லு, விதிய மீறினதுக்கு ஒரு கண்டிப்போட மூடிடறேன்."

அந்தத் தொடர் ஐனாருடையது. மற்ற இதழ்களில் 'வருந்துகிறோம்' என்று எழுதுவார்கள். இங்கே வருத்தம் எதற்கு, படித்தோம் என்பதே மரியாதை என்று சொல்லி, பதவிக்கு வந்த புதிதில் அவர்தான் அதைச் சேர்த்தார்.

அந்தப் பெண்ணின் கட்டுரையை அவர் படிக்கவில்லை. முகப்பைத் தாண்டவே இல்லை. மகள் பெயரைப் பார்த்ததும், 'பொண்ணுக்கு எடம் குடுத்துட்டான்' என்று சங்க விருந்தில் எவனோ காதோடு காதாகச் சொல்லிச் சிரிப்பதுபோல் தோன்றியது. மூடிவிட்டார்.

"ஆமா," என்றார் ஐனார்.

"அது போதும்," என்று எழுந்தார் வால்டர். அன்று புகைபோட்ட மீனும் கம்பு ரொட்டியும் சாப்பிட்டு, இரண்டு பழைய கதைகளைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அவர் அந்தக் கட்டுரையை முதல்முறையாகப் படித்தார். மீனின் காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லில் வருடத்துக்கு ஒரு வளையம் விழும். அந்த வளையங்களை எண்ணி வயது கணித்திருந்தாள் அந்தப் பெண். சுத்தமான வேலை. கொலராடோக்காரர்களுடையதைவிடத் தெளிவு. படித்து முடித்து மகளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"என்னப்பா, ஞாயித்துக்கெழமை கூப்பிடறீங்க? ஒடம்பு சரியில்லையா?"

"அந்தப் பொண்ணு, கோரா... திருப்பி வந்ததும் ஏன் நீங்க வேற இதழுக்கு அனுப்பல?"

"அனுப்பலாம்னுதான் அவ சொன்னா. நான்தான் விடல. எங்கப்பா படிச்சுட்டு வேணாம்னா அதுல ஏதோ கொறை இருக்கும், தேடுன்னு சொன்னேன். பனிக்காலம் பூரா அத்தனை கல்லையும் திரும்ப எண்ணினா. எதுவும் கெடைக்கல. அதுக்குள்ள அவங்களோடது வந்துடுச்சு. புகார் எழுதட்டுமான்னு கேட்டா. எழுதுன்னேன்."

இப்போது யாரும் ஐனாரை எதுவும் கேட்கவில்லை. சும்மா இருந்திருந்தால் வால்டரின் ஓர் அறிக்கையோடு எல்லாம் முடிந்திருக்கும்.

"நான் படிக்கல, ஐலா."

"என்னது?"

"படிக்கல. உன் பேரப் பாத்துட்டு மூடிட்டேன்."

கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. "இத அவகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. என்னால சொல்ல முடியாது. எனக்கு வெக்கமா இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

தன் மகள் தன்னால் வெட்கப்பட்டது ஐனாருக்கு இதுவே முதல்முறை. அடுத்து வால்டரை அழைத்து, நேற்றுச் சொன்ன 'ஆமா' பொய் என்றார்.

"அடப்பாவி," என்றார் வால்டர். "நீயாடா?"

திங்களன்று ஐனார் டுலூத்துக்கு வண்டி ஓட்டினார். ஆய்வுக்கூடத்தில் கோரா மீன் கல் வைத்த தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மெலிந்த, கண்ணாடி போட்ட பெண். ஐலா சன்னல் பக்கம் திரும்பி நின்றாள். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவரும் நின்றபடியே நடந்ததைச் சொல்லி முடித்தார்.

கோரா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப அதுல தப்பு எதுவும் இல்லையா, டாக்டர் லாக்சோ?"

"இல்லம்மா."

"எதுவுமே?"

"எதுவுமே இல்ல."

"எனக்குத்தான் கண்ணு தெரியலையோன்னு நெனைச்சேன். கண் டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன்," என்றாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு ஒத்துழைக்கவில்லை.

"நடந்தத அடுத்த இதழ்ல அறிவிப்பாப் போடறேன். என் பேரு போட்டு. நீதான் மொதல்ல கண்டுபிடிச்சேன்னும் எழுதறேன். அதோட நான் பதவிய விட்டுடறேன்."

"கொலராடோக்காரங்க பேப்பர் அப்படியேதானே இருக்கும்?"

"அவங்க தப்பு ஒண்ணும் இல்லையே. இருக்கும்."

அவள் தலையசைத்தாள். பிறகு சன்னல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக் கேட்டாள்.

"அறிவிப்புல ஐலா பேரு வராம எழுத முடியுமா? பாவம், அவங்களுக்கு இதுல அசிங்கம் வேண்டாம்."

லாக்சோ வீட்டுப் பெண்ணின் மானத்துக்கு இந்தப் பெண் பரிந்து பேசுகிறாள். ஐனாரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மகள் பெயரை விட்டுவிட்டால் ஏன் மூடினார் என்பதைச் சொல்ல முடியாது. சொல்லாவிட்டால் அந்த அறிவிப்பும் பாதிப் பொய்.

"முடியாதும்மா," என்றார்.

ஐலா திரும்பவே இல்லை. "போடுங்க," என்றாள்.