திரையின் மூலையில் ஒருத்தி

காபி டம்ளரை வாய்வரை கொண்டுபோன சம்பந்தி அம்மாள் அப்படியே நிறுத்தினாள்.

கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். அவள் உடம்பில் இருந்த துணியை வைத்து ஒரு கைக்குட்டை தைக்க முடியாது. கண்ணடித்தாள். கீழே இந்தியில் இரண்டு வரி, மொழிபெயர்க்காமலே புரிகிற இந்தி.

அவள் மறைவதற்குள் இன்னொருத்தி. அவள் தலைமேல் இன்னொருத்தி.

தன் பெண் சுபாவின் கல்யாண ஹாலின் போட்டோவைப் பெரிதாகக் காட்டுகிறேன் என்று எல்லோரையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தது சுப்புதான். பதறிப்போய் மௌஸை இழுத்தார். எங்கோ தட்டினார். திரை முழுக்கச் சிவந்தது. சைரன் அலறியது. ஒரு பெண்குரல் டெல்லி மயூர் விஹார் முழுக்கக் கேட்கும்படி இந்தியில் அறிவித்தது: ‘ஆபாசத் தளங்களைப் பார்த்த குற்றத்துக்காக உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டுள்ளது. உடனே இந்த எண்ணுக்கு போன் செய்யவும்.’

சம்பந்தி அம்மாள் பள்ளிக்கூடம் போகிற தன் சின்னப் பெண்ணைத் தோளைப் பிடித்துத் திருப்பி பால்கனிக்குத் தள்ளினாள். சம்பந்தி ஜெயகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்தார். மாப்பிள்ளை ப்ரசன்னா திரையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டுத் தன் போனுக்குள் குனிந்துகொண்டான்.

எல்லோரும் சுப்புவைப் பார்த்தார்கள். சுப்பு தன் மகனைப் பார்த்தார்.

“எத்தனை தரம்டா சொல்றது? இந்தக் கண்றாவியெல்லாம் ஆத்துல வேண்டாம்னு?”

கௌஷிக்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்பா ஒரு தரம்கூட அப்படிச் சொன்னதில்லை. சொல்லும்படி எதுவும் நடந்ததில்லை. அவனிடம் சொந்த லேப்டாப் இருந்தது. இந்தக் கம்ப்யூட்டரை அவன் தொட்டே மாசக்கணக்கில் ஆகிறது.

ஆனால் அவன் சிவில் சர்வீஸ் பரீட்சையில் மூன்று தரம் கோட்டைவிட்டவன். இருபத்தேழு வயதில், கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறவன். கையும் களவுமாகப் பிடித்தது போல அத்தனை பேரும் அவனைப் பார்த்தார்கள். யாருக்கும் ஒரு வினாடிகூடச் சந்தேகம் வரவில்லை.

அவன் எழுந்துபோய் சுவிட்சை அணைத்தான். சைரன் நின்றது.

“விடுங்கோ சுப்பு சார். வயசுப் பையன்” என்றார் ஜெயகிருஷ்ணன் பெரிய மனதோடு.

அவனுடைய அம்மா ஜலஜா, எல்லோருக்கும் இன்னொரு தரம் பஜ்ஜி கொண்டுவந்தாள்.

மறுநாள் காலை, கௌஷிக் அப்பாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“பாருங்கோப்பா. இது சைரன் அடிச்ச பக்கம். ஃப்ராடு. அந்த நம்பருக்குப் போன் பண்ணினா, சரி பண்றேன்னு உள்ள புகுந்து அக்கவுன்ட்டைக் காலி பண்ணிடுவான். பூட்டவும் இல்லை, ஒண்ணும் இல்லை. சும்மா பயமுறுத்தல்.”

“அந்தப் பொம்மனாட்டிகள்?”

“அதுக்குத்தான் வரேன். இது பிரௌசரோட செட்டிங்ஸ். எந்தெந்த சைட் உங்க ஸ்க்ரீன்ல நோட்டீஸ் ஒட்டலாம்னு பர்மிஷன் குடுத்திருக்கோ, அதெல்லாம் இங்கே வரும்.”

சுப்பு கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. வாயில் நுழையாத பெயர்கள்.

“இவ்வளவு பேருக்கு யார்ரா பர்மிஷன் குடுத்தா?”

கௌஷிக் பதில் சொல்வதற்காக, அப்பா தினமும் பார்க்கிற இலவசப் பஞ்சாங்கப் பக்கத்தைத் திறந்தான். திறந்ததும் மேலே ஒரு சின்னப் பெட்டி குதித்தது. அனுமதிக்கலாமா, தடுக்கலாமா?

அவன் வாயைத் திறப்பதற்குள் சுப்புவின் கை மௌஸுக்குப் போய்விட்டது. ‘அலவ்’ மேல் ஒரு தட்டு.

“அப்பா!”

“என்னடா? கேக்கறான், பதில் சொல்ல வேண்டாமா?”

கௌஷிக் தலையில் கைவைத்துக்கொண்டான். அண்டர் செக்ரட்டரியாக ரிடையர் ஆனவர். தன் மேஜையில் ஒரு ஃபைல்கூட ராத்தங்கியதில்லை என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தவர். கையெழுத்துக்கு யாருமே வராத இந்த நாலு வருஷத்தில், எவனோ ஒருவன் மரியாதையாக அனுமதி கேட்டால் மனுஷன் விடுவாரா?

“கேக்கறவன் எல்லாருக்கும் குடுத்திருக்கேள். அதுல பாதி, விளம்பரம் ஒட்டறவன். அவன்தான் அந்தப் பொம்மனாட்டிகளை அனுப்பறான்.”

“நான் அந்த மாதிரி எதையும் பார்க்கலைடா. சத்தியமா.”

“தெரியும்ப்பா. பார்க்கவே வேண்டாம். இது என்ன, ஜாதகப் பொருத்தம் ஃப்ரீ சாஃப்ட்வேர்?”

“சுபாவுக்காக இறக்கினேன். முப்பது வரனுக்குப் பொருத்தம் பார்த்திருப்பேன். ஜோசியனுக்கு யார் அழறது?”

“இது கூடவே நாலு திருட்டு ப்ரோக்ராமைக் கூட்டிண்டு வந்திருக்கு. நீங்க நெக்ஸ்ட், நெக்ஸ்ட்னு தட்டியிருப்பேள். இதோ, போன தை மாசம். அன்னியிலேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கு.”

சுப்புவின் முகம் வெளுத்தது. கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

“சரி, தப்பு என்னோடதுதான். ஜெயகிருஷ்ணன்கிட்ட சொல்லிடறேன்” என்றார்.

கௌஷிக்குக்கு நெஞ்சில் ஏறியிருந்த பாரம் அப்படியே இறங்கியது. “இப்பவே சொல்லிடுங்கோப்பா. ரெண்டு நிமிஷம்.”

போனை எடுத்தார். எண்ணைத் தேடுவதற்குள் போனே அடித்தது. ஜெயகிருஷ்ணன்! காது கொஞ்சம் மந்தம் என்பதால் சுப்பு எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

“சுப்பு சார், நேத்திக்கு நடந்ததை மனசுல வெச்சுக்காதீங்கோ. எங்க பக்கம் ஒண்ணுமில்லை. ஆத்துக்காரிக்குத்தான் ஒரு சின்னக் கலக்கம்.”

“சொல்லுங்கோ சார்.”

“கல்யாணத்துல பொண்ணு கையில பொரி இடறது கூடப்பொறந்தவன்தானே? அக்னி முன்னாடி நடக்கற காரியம். கொஞ்சம்... சுத்தமான கையா இருந்தா தேவலைங்கறா. உங்க அண்ணா பிள்ளை ஷங்கர் இருக்கானே, அவன் இடட்டுமேன்னு...”

கௌஷிக் விறைத்துப்போனான். அப்பாவின் முழங்கையைத் தட்டினான். சொல்லுங்கோ, இப்போ சொல்லுங்கோ.

“அது வந்து சார், அந்தக் கம்ப்யூட்டர்ல என்ன ஆச்சுன்னா...”

“அட, விடுங்கோ! பையன்ங்கறதால சரியாப் போச்சு. இதையே நீங்க பண்ணியிருந்தேள்னு வெச்சுக்கோங்கோ, கார்ல ஏறும்போதே இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு முடிவு பண்ணிருப்போம்! ஹஹ்ஹா!”

ஸ்பீக்கர் சிரித்தது. சுப்புவும் சிரித்தார். கௌஷிக் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். பல் மட்டும்தான் சிரித்தது.

“நீங்க சொன்னா சரிதான் சார். ஷங்கரே இடட்டும்.”

போன் அணைந்தது.

“நீங்க சொல்லலை” என்றான் கௌஷிக்.

“எப்படிடா சொல்றது? நீயும் கேட்டியோன்னோ?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணலையே. ஜாதகம் பார்த்தேள். தட்டிட்டேள். அவ்வளவுதானே?”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அந்த மாமிக்குப் போய் நோட்டிஃபிகேஷன் பத்தி கிளாஸ் எடுக்கச் சொல்றியா? கெழவன் மழுப்பறான்னு சிரிப்பா. சர்வீஸ்ல ஒரு மெமோ வாங்கினதில்லைடா நான். இந்த வயசுல இந்தப் பேரா?”

“எனக்கு மட்டும் அந்தப் பேரா?”

“உனக்கு என்னடா இருக்கு, போறதுக்கு?”

சொன்ன பிறகு சுப்புவே கொஞ்சம் திடுக்கிட்டார். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

சுபாஷிணி உள்அறையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். கௌஷிக் கதவைத் தள்ளிக்கொண்டு போனான். மைக்கை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தைப் பார்த்ததுமே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

“சுபா, நீயாவது ப்ரசன்னாகிட்ட சொல்லு.”

“என்னன்னு சொல்றது? எங்கப்பாதான்னா? நாளைக்கு அந்த ஆத்துல நான் எப்படி நிமிர்ந்து நடப்பேன்?”

“எங்கண்ணான்னா நிமிர்ந்து நடப்பியா?”

“உன்னைச் சொன்னா ரெண்டு நாள் பேசிட்டு மறந்துடுவாடா. ஆம்பளைப் பசங்கன்னா இப்படித்தான்னு விட்டுடுவா.” அவள் கண் கலங்கியது. “முப்பது வரன் பார்த்தாச்சு. எனக்கு அவனைப் பிடிச்சிருக்கு. ப்ளீஸ், பையா.”

சின்ன வயதிலிருந்தே ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால்தான் அவளுக்கு அவன் ‘பையா’, இந்தி அண்ணா. மற்ற நேரமெல்லாம் வெறும் கௌஷிக்.

ஜலஜா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “ரசம் ஆறறது. வாயேன்.”

“உனக்கும் தெரியுமாம்மா?”

அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “தை மாசத்துலேர்ந்தே இவர் கம்ப்யூட்டரைத் திறந்தா அந்தச் சனியன்கள் வரும்டா. நான் துண்டைப் போட்டு மூடிடுவேன்.”

கௌஷிக் சாப்பிடவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தான். திரையை போனில் போட்டோ எடுத்தான். அப்பாவின் பெயர், ஜாதகப் பொருத்தம், தை மாசத் தேதி, எல்லாம் விழுந்தன. இனி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ப்ரசன்னா நொய்டாவில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். அவனுக்கு ஒரு வரி போதும். அனுப்பினான்.

இரண்டு நீல டிக். பதில் உடனே வந்தது.

‘அது நேத்திக்கே புரிஞ்சுடுத்து ப்ரோ. அலவ் குடுத்தா வர ஸ்பேம். எங்கம்மா லேப்டாப்லயும் இதே கூட்டம்தான். மாசாமாசம் சத்தமில்லாம நான்தான் எடுத்து விடறேன்.’

கௌஷிக் அதை இரண்டு தரம் படித்தான். சுத்தமான கை வேண்டுமென்று கேட்ட அம்மாளின் லேப்டாப்!

‘அப்போ உங்காத்துல சொல்லேன்’ என்று அடித்தான்.

ப்ரசன்னா எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. கடைசியில் வந்தது:

‘அரே யார், சோடோ நா. விட்டுடேன். அம்மா மானம் போயிடும். கல்யாணம் முடியட்டும்.’

ஆக, எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், இவன் தலையில் இருப்பதுதான் எல்லோருக்கும் சௌகரியம்.

அவன் வேலையை ஆரம்பித்தான். கொடுத்த அனுமதிகளை எல்லாம் ரத்து செய்தான். ஜாதகப் பொருத்தத்தையும் அதன் வால்களையும் வேரோடு பிடுங்கினான். ஸ்கேன் ஓடவிட்டான். கடைசியாக பிரௌசரைப் புதிதாக வாங்கியது போல ஆக்கும் பட்டன். அதை அழுத்தினால் கம்ப்யூட்டரில் இருந்த சாட்சியும் போய்விடும். விரல் கொஞ்சம் தயங்கியது. அழுத்தினான். போனில் இருந்த போட்டோவையும் அழித்தான்.

சுப்பு பின்னால் வந்து நின்றார்.

“ஆச்சா?”

“ஆச்சு. இனிமே எவனும் வரமாட்டான். யார் கேட்டாலும் பிளாக் குடுங்கோ.”

“பேஷ்.” கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “ஒரு பாஸ்வேர்டும் போட்டுடலாம்டா. ஜெயகிருஷ்ணன்கிட்ட சொல்ல நன்னாயிருக்கும். பையன் இனிமே தொட முடியாதபடி பண்ணிட்டேன்னு.”

கௌஷிக் நிமிர்ந்து அவரைப் பார்த்தான். அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சரி, போட்டுத் தரேன்.”

“நீ போட்டா உனக்குத் தெரிஞ்சுடுமே? நானே போடறேன். எங்கே தட்டணும்னு மட்டும் சொல்லு. அவர்கிட்டப் போய்ப் பொய் சொல்ல முடியாது பாரு.”

கௌஷிக் எழுந்து அப்பாவுக்கு இடம் விட்டான். தன் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

“செட்டிங்ஸ் போங்கோ.”

“போயாச்சு.”

“அக்கவுன்ட்ஸ். அதுக்குள்ள சைன்-இன்.”

“ம்... வந்துடுத்து. திரும்பிடாதே.”

“திரும்பலை. பாஸ்வேர்ட்னு இருக்கறதைத் தட்டி, உங்களுக்கு வேணுங்கறதை அடிங்கோ.”

ஒற்றை விரலால் டக், டக்கென்று சத்தம் கேட்டது.

“திரும்பவும் கேக்கறதே?”

“அதையே இன்னொரு தரம் அடிங்கோ.”

டக். டக். டக்.

“ஹின்ட்னு ஒண்ணு கேக்கறதுடா. மறந்துபோனா ஞாபகப்படுத்தறதுக்காம். என்ன போடறது?”

“உங்களுக்கு மட்டும் புரியற மாதிரி ஏதாவது போடுங்கோ” என்றான் கௌஷிக், சுவரைப் பார்த்தபடி.