ஜன்னல் சீட்

"நாற்காலிய இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க மாமா. அக்கா ஃபோட்டோவும் சேர்ந்து தெரியணும்."

தள்ளினேன். சுவரில் இன்னும் ஆணி அடிக்கவில்லை. என் மனைவியின் படம் ஃப்ரிட்ஜ் மேல் சாய்ந்து நின்றது. பக்கத்தில் மீந்துபோன மருந்துகள் இருந்த அட்டைப்பெட்டி. மைத்துனன் அதை எடுத்தான், யோசித்தான், திரும்ப அங்கேயே வைத்தான். அதுவும் படத்தில் தெரியட்டும் என்று தோன்றியிருக்கும்.

"வீடியோவுல ரெண்டு நிமிஷம் பேசினாப் போதும். 'என் மனைவி சாவைக் கிண்டல் பண்ணினவளுக்கு வேலை இருக்கக் கூடாது.' அவ்ளோதான். நாளைக்கு ஆஸ்பத்திரியில விசாரணை. நீங்க பேசிட்டீங்கன்னா அந்தப் பொம்பளையால தப்பிக்க முடியாது."

"எந்தப் பொம்பளை?"

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அவள் போன நாளிலிருந்து என் ஃபோன் அவனிடம்தான் இருந்தது. துக்கம் கேட்டு வந்த அழைப்புகளுக்கெல்லாம் அவனே பதில் சொன்னான். நான் சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டேன், படுக்கச் சொன்னால் படுத்தேன். வெளியே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவன் காட்டினான். ஒரு படம். ஜன்னலோரக் கட்டில், புது விரிப்பு, மேலே வெயில். பக்கத்து மேசையில் மூடி உடைந்த பச்சைத் தண்ணீர் பாட்டில். என் மனைவியுடையது. அவன் வாங்கிக் கொடுத்தது. அதை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறான். அவள் இறந்த அன்று மாலை வார்டு நர்ஸ் அதைத் தன் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்தார். கீழே ஒரே வரி: 'ஜன்னல் சீட் காலி. போலாம் ரைட்!'

அதற்கு அடுத்து அவன் எடுத்த வீடியோ. அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. அதை ஊரே பார்த்திருந்தது. நர்ஸின் வீட்டு முகவரியை யாரோ போட்டார்கள். மகள் படிக்கும் பள்ளியின் பெயரை இன்னொருவர். தூக்கில் போட வேண்டும் என்று ஒரு பல் மருத்துவர் எழுதியிருந்தார். அதே கட்டிலில் கட்டிப்போட்டுக் கொளுத்த வேண்டும் என்று எழுதியவரின் முகப்புப் படத்தில் இரண்டு குழந்தைகள் சிரித்துக்கொண்டிருந்தன.

நான் லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியர். லிஃப்டில் எடை கூடினால் மணி அடிக்கும். கடைசியாக ஏறியவரை எல்லோரும் முறைப்பார்கள். அவரும் குற்றவாளி மாதிரி இறங்குவார். எடை எல்லோருடையதும்தான். மணி அடித்தபோது வாசலில் நின்றது அவர்.

படத்தின் கீழே இருந்த வரியை இன்னொரு முறை படித்தேன். அவள் போனபிறகு முதல்முறையாக அவள் குரல் கேட்டது.

"இது உங்கக்கா ஜோக்டா" என்றேன்.

என் மனைவி வெளியூர் பஸ்களுக்கு டிக்கெட் பதிகிற கவுன்ட்டரில் இருந்தவள். காலையிலிருந்து மாலை வரை ஒரே கேள்வி, ஜன்னல் சீட் இருக்கா? கேன்சர் வார்டில் முதலில் அவளுக்குக் கிடைத்தது கதவோரக் கட்டில். "ஊருக்கெல்லாம் ஜன்னல் சீட் போட்டுக் குடுத்தவளுக்குக் கதவுப் பக்கமா? என் பேரையும் வெயிட்டிங் லிஸ்ட்ல போடுங்க" என்று நர்ஸிடம் வம்பு செய்தாள். தோளில் பை, கையில் பேனா, வரிசையாக ஒவ்வொரு கட்டிலாக வந்ததால் நர்ஸுக்குக் கண்டக்டர் என்று பெயர் வைத்தாள். பிறகு வார்டே அப்படிக் கூப்பிட்டது. டியூப்பில் ஏறுகிற மருந்து தீர்ந்தால், "கண்டக்டர், டீசல் காலி." முடி கொட்டிய ஒரு டீச்சரம்மா, "எனக்கு அரை டிக்கெட் போடுங்க, வெயிட் குறைஞ்சிடுச்சு" என்பார். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெண்மணி இறந்ததும் அந்த இடம் என் மனைவிக்கு வந்தது. அன்றைக்கு மட்டும் அவள் ஒன்றும் பேசவில்லை. விரிப்பைத் தடவிக்கொண்டே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நர்ஸைக் கூப்பிட்டாள்.

"நான் இறங்குறப்ப நீங்க அழக் கூடாது கண்டக்டர். சீட் காலின்னு சத்தமா சொல்லணும். பஸ் நிக்கக் கூடாது."

"வாயை மூடிக்கிட்டுப் படும்மா."

"சத்தியம் பண்ணுங்க. இவரு சாட்சி."

நான் சாட்சி. நர்ஸ் அவள் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்ததைப் பார்த்தேன்.

அதைப் பொதுவில் போட்டிருக்க வேண்டாம். தப்புதான். ஒருநாள் முகம் சுளித்துவிட்டு மறந்துவிடக்கூடிய தப்பு.

"பொய்" என்றான் மைத்துனன். "நான் எத்தனை தடவை வந்தேன்? அக்கா ஒருதடவைகூடச் சிரிக்கல. எங்கக்கா இந்த மாதிரியெல்லாம் பேச மாட்டா."

"நீ வாசல்ல தெரிஞ்சாலே, 'செக்கிங் இன்ஸ்பெக்டர் வர்றார், எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க'ம்பா. மொத்த வார்டும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கும்."

"ஏன்?"

"நீ அழுவியே."

அவன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான். அம்மா இல்லாத வீட்டில் அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி வளர்த்தது அவள்தான்.

"ஸ்கூல் வாசல்ல விடுவா" என்றான். "நான் உள்ள போகமாட்டேன்னு அவ பாவாடையப் புடிச்சுக்குவேன். முதுகுல ரெண்டு தட்டு தட்டி, 'போலாம் ரைட்'டும்பா. அப்புறம்தான் போவேன்." "எனக்கு எப்படி மாமா இது தெரியாமப் போச்சு?" என்றான்.

நான் ஃபோனை எடுத்து அவன் கையில் கொடுத்தேன்.

நாற்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. நான் உட்கார்ந்தேன், அவன் எடுத்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன். அழுகை வரவில்லை. அதுதான் பிசகிவிட்டது போல. 'ஆஸ்பத்திரிக்காரன் எவ்வளவு குடுத்தான்?' என்று வீடியோவின் கீழே முதல் ஆள் கேட்டார். 'பொண்டாட்டி செத்த முகமா இது?' என்றார் அடுத்தவர். நர்ஸுக்கும் எனக்கும் என்ன என்று சிலர் கேட்டார்கள். பிறகு என் மனைவியிடம் போனார்கள். முன்னால் இறந்த பெண்மணியின் சாவுக்குக் காத்திருந்தவளாம். சாகும்போதும் திமிர். இவளுக்காகவா அழுதோம்?

அவளுக்கு நியாயம் கேட்டு வந்தவர்கள்தான்.

மைத்துனன் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினான். 'அக்காவைப் பத்திப் பேசாதீங்க ப்ளீஸ்.' தன் பழைய வீடியோவை எடுத்துவிட்டான். மற்றவர்கள் பக்கங்களில் அது ஓடிக்கொண்டே இருந்தது, அவனுடைய அழுகையோடு.

மறுநாள் விசாரணைக்கு இரண்டு பேரும் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தண்ணீர் கொடுத்தார். "நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும் சார். அந்த வீடியோ வந்ததுலேர்ந்து ஃபோன் வெச்ச பாடில்ல. அவங்கள நேத்தே வேலைய விட்டு அனுப்பிட்டோம்" என்றார்.

என் ஃபோனில் நர்ஸின் அழைப்புகள் வரிசையாக இருந்தன. மைத்துனன் எடுக்காதவை. நான் திருப்பிக் கூப்பிட்டபோது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. முகவரி தேட வேண்டியிருக்கவில்லை. அதுதான் ஊருக்கே தெரியுமே.

குறுகலான தெரு. கதவில் தக்காளியோ வேறெதுவோ வழிந்து காய்ந்திருந்தது. வாசலில் சின்ன ரப்பர் செருப்பு ஒரு ஜோடி. தட்டினோம். கதவு திறக்கவில்லை. பக்கத்து ஜன்னல் ஒரு சாண் திறந்தது. நர்ஸ்தான். தலை வாரவில்லை. என்னைப் பார்த்ததும் உதடு ஏதோ சொல்ல அசைந்தது. பிறகு என் பின்னால் நின்றவனைப் பார்த்தார். அந்த முகம் அவருக்குத் தெரியும்.

ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"அக்கா" என்றான் மைத்துனன், மூடிய பலகையைப் பார்த்து. "அக்கா, நான் சண்டைக்கு வரல. எனக்குத் தெரியாதுக்கா."

உள்ளே ஒரு குழந்தை என்னவோ கேட்டது. உஷ் என்று யாரோ அடக்கினார்கள். எதிர் வீட்டு மாடியில் ஒருவர் எங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

திரும்பும் பஸ்ஸில் மூவர் அமரும் இருக்கை ஒன்று முழுதாகக் காலியாக இருந்தது. மைத்துனன் முதலில் ஏறினான். உள்ளே நகராமல் நடுவில் உட்கார்ந்தான். நான் ஓரத்தில். ஜன்னல் பக்கம் வெயில் விழுந்து கிடந்தது. அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் ஏறியது. இரண்டு கையிலும் பையோடு ஓர் அம்மா எங்கள் அருகே வந்து நின்றார்.

"தம்பி, ஜன்னல் பக்கம் ஆள் வராங்களா?"

அவன் அந்த இடத்தின் மேல் கையை வைத்தான்.

"வராங்க" என்றான்.

பின்னால் கண்டக்டர் பஸ்ஸின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார்.