ஆங்காங் காய்ச்சல்

நெற்றியில் போட்ட ஈரத்துணி ஆறு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. ஷகிலா அதை எடுத்து மறுபடி நனைத்தபோது மஸ்தான் பாதிக் கண் திறந்தான். "பையன் பால் குடிச்சானா?"

"இப்பத்தான் குடுத்துட்டு வந்தேன். நீங்க பேசாத படுங்க."

கடத்தூர் சந்தைத் தெருவில் அவனுடைய தையல் மிஷின் மூன்று நாளாய் ஓடவில்லை. தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் கிடந்தார்கள். ஐந்து மாதக் குழந்தையைப் படலுக்கு அந்தப்புறம் பக்கத்து வீட்டு மாதம்மாளிடம் விட்டுவிட்டு, பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் ஷகிலா போய்வந்தாள். யாரும் தடுக்கவில்லை. அவள்தான் காய்ச்சல் கண்டவளாயிற்றே! அம்பத்தேழில் ஃபுளு வந்தபோது அவளுக்குப் பத்து வயது. தலைமுடி கொட்டிப் பிழைத்து எழுந்தாள். தொட்டிலில் கிடந்த தம்பி எழவில்லை. அம்மை கண்டவள்தான் அம்மை வார்த்த வீட்டில் கை வைக்கலாம், ஒருமுறை வந்தது மறுமுறை வராது என்பது ஊர் வழக்கு. அதையே இந்தக் காய்ச்சலுக்கும் பொருத்திக்கொண்டு, மூன்று வீட்டில் அவளைக் கஞ்சி கொடுக்கக் கூப்பிட்டார்கள். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு.

உச்சிவேளையில் கம்பவுண்டர் மாரப்பன் சிவப்பு மருந்தோடு வந்தார். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார். வாசற்படி ஏறவில்லை.

"கூட யாரும்மா இருக்கறது?"

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஷகிலா சொன்னாள்: "நாந்தாங்க. எனக்கு அம்பத்தேழுலயே வந்து போயிடுச்சுங்க. இனி வராதுங்களே."

"யாரு சொன்னா? அது வேற, இது வேறம்மா. கிருமி உருவத்த மாத்திக்கிட்டு வந்திருக்குதாம். என் சம்சாரத்துக்கு அப்பவும் வந்துச்சு, இப்பவும் படுத்திருக்கா. ஹாங்காங் ஃபுளுன்னு பேப்பர்ல போட்டிருக்கான்."

படலோரம் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த மாதம்மாள் சிரித்தாள். "ஆங்காங்கா? அங்கங்க வருதுன்னு அந்தப் பேரு வெச்சுட்டாங்களா, சார்?"

அவர் சிரிக்கவில்லை. "அந்தக் கொழந்த யாரோடது?"

"என்னோடதுங்க," என்றாள் ஷகிலா.

மாரப்பன் பாட்டிலின் தக்கையை அழுத்திக்கொண்டே நின்றார். "நாலு நாளைக்குக் கிட்ட போவாதம்மா. பசும்பால காய்ச்சி, தண்ணி கலந்து சங்குல ஊத்தச் சொல்லு."

அவர் போன பிறகும் ஷகிலா வாசலிலேயே நின்றாள். காலையில் மூன்று முறை பால் கொடுத்திருக்கிறாள். கழுத்து மடிப்பில் மூக்கை வைத்துத் தேய்த்து அவனைச் சிரிக்க வைத்திருக்கிறாள். அதற்கு முன்னால் இந்தக் கையால் மஸ்தானின் எச்சிலைத் துடைத்திருக்கிறாள். கையை என்ன செய்வதென்று தெரியாமல் அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தாள். தோல் எரிந்தது. மறுபடி தேய்த்தாள்.

பொழுது சாயும்போது குழந்தை அழத் தொடங்கினான். சங்குப் பாலைத் துப்பினான். ஷகிலாவின் ரவிக்கை நனைந்து ஒட்டியது.

"ஏன் அழுவுறான்?" உள்ளிருந்து மஸ்தானின் குரல் வந்தது.

"பசிக்குதுங்க."

"போயிக் குடேன்."

அவள் படலருகே போனாள். முருங்கை மரத்தடியில் உட்கார்ந்திருந்த மாதம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். சங்கைத் தூர வைத்துவிட்டு, குழந்தையை மாராப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

"என்னா பாக்கற? எம்மவ ஒன்றர வயசாயும் இன்னும் விடல. ஒரு வாய் சேந்து குடிச்சா கொறஞ்சா போயிடும்? போ, போயி உன் வூட்டுக்காரரப் பாரு."

அழுகை நின்றது. ஷகிலாவுக்கு நெஞ்சு இளகிக் கண் கரித்தது. அப்போது குழந்தை வாயை எடுத்துவிட்டு, சின்னதாய் ஒரு தும்மல் போட்டான்.

மாதம்மாள் முந்தானையால் அவன் மூக்கைத் துடைத்தாள். மண்ணில் விளையாடிக்கொண்டிருந்த தன் மகளும் ஓடிவர, அதே முனையால் அவள் வாயையும் துடைத்துவிட்டாள்.

"அக்கா" என்று கூப்பிட ஷகிலா வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. முக்காட்டை வாயில் திணித்து அதை அடக்கிக்கொண்டு நின்றாள். படலுக்கு அந்தப்புறம் மாதம்மாள் மகளையும் வாரி எடுத்து மடியின் மறுபக்கத்தில் போட்டுக்கொண்டாள்.