பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு லேப்டாப்

1

இந்தக் கதையைப் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்தேன். நேற்றுக் காலை நடந்தது. இன்று ஒடால்மிஸிடம் இதை எழுதப்போவதாகச் சொன்னபோது, "எழுதுங்க. ஆனா என்னை ஒல்லியா எழுதுங்க," என்றாள். ஆகவே ஒடால்மிஸ் ஒல்லியானவள். எங்கள் ஊரான காமகுவேயில் மாட்டு வைத்தியம் பார்க்கிறாள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "கறுத்த திரையில் தன் முகத்தையே பார்த்தபடி அவள்..." இல்லை. அவள் முகமெல்லாம் பார்க்கவில்லை. கிளம்பாத லேப்டாப்பின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். சத்தம் கேட்டுத்தான் நான் ஓடினேன்.

2

ஒடால்மிஸும் ரெய்னியெரும் விவாகரத்தானவர்கள். வேறு வீடு கிடைக்கவில்லை. கூடத்தின் நடுவே பலகை அடித்து ஆளுக்கொரு பாதியில் இருக்கிறார்கள். அடுப்படி பொது; பேச்சு கிடையாது. (இதைக் கற்பனை என்று நினைக்கும் வாசகர் எங்கள் தெருவுக்கு வந்து... வேண்டாம், விடுங்கள்.)

தெருவில் பழைய லேப்டாப்பைப் பிரித்துச் சரிசெய்யத் தெரிந்தவன் அவன்தான். கரண்ட் அப்போதுதான் வந்திருந்தது. எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? அவள் பலகையைத் தட்டினாள்.

"இருக்கியா?"

"மூணு வருசமா இங்கதான் இருக்கேன். இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

"லேப்டாப் கிளம்ப மாட்டேங்குது."

"என்ன பண்ணின?"

"அடிச்சேன்."

"என்னை அடிக்காம விட்டியே, அதுவரைக்கும் சந்தோசம்."

3

ரெய்னியெர் வந்தான். பிளக்கில் மேசை விசிறியைச் சொருகிப் பார்த்தான், சுற்றியது. சார்ஜரை மீட்டரில் பார்த்தான், நன்றாக இருந்தது. பேட்டரியைக் கழற்றியதும் முகம் சுளித்தான்.

"ஊதிப் போயிருக்கு. இதை வெளிய கொண்டு வை."

பவர் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தான். பிறகு பேட்டரி இல்லாமல், சார்ஜரை மட்டும் மாட்டி அழுத்தினான். சின்ன விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி சுற்றியது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

"மூச்சு வந்துருச்சு. கண்ணுதான் திறக்கல. எழுத்தாளரே, ரப்பர் இருக்கா? இதையும் எழுதிடாதீங்க."

சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, அடிமூடியைத் திறந்து ரேம் என்ற நினைவகப் பட்டையை உருவினான். அதன் மஞ்சள் விளிம்பை என் ரப்பரால் தேய்க்கத் தொடங்கினான்.

"உள்ள என்ன இருக்குன்னு நீ கேக்கவே இல்லையே," என்றாள் அவள்.

"சொல்லணும்னா சொல்லுவ."

"வெளிநாட்டுல, மான்டிவிடியோல ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில வேலை இருக்கு. என் சான்றிதழெல்லாம் இதுக்குள்ளதான். இன்னைக்கு அனுப்பணும்."

அவன் கை நின்றது.

(இந்த இடத்தில் எனக்கு அவன் மேல் சந்தேகம் வந்தது. "ரேம் போயிருச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் அப்படிச் சொல்வதாக ஒரு பக்கம் எழுதினேன். என் உரைநடை அதில் நன்றாகவே இருந்தது. அடித்துவிட்டேன்.)

அவன் செய்தது இதுதான்: இன்னொரு முறை தேய்த்தான், ஊதினான், ரேமைச் சொருகி அழுத்தினான். 'கிளிக்' என்றது.

4

சார்ஜரை மாட்டிப் பட்டனை அழுத்தியதும் திரை வெளுத்தது. கடவுச்சொல் கேட்டது. ரெய்னியெர் மரியாதையாகப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எதுக்குத் திரும்புற? பழசுதான். நீயே போடு."

தடுமாறாமல் அடித்தான். (என்ன சொல் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தேன், எழுத மாட்டேன்.)

அவள் கோப்புகளை மின்னஞ்சலில் சேர்த்தாள். விரல் அனுப்பும் பொத்தான் மேலேயே நின்றது.

"கரண்ட் போறதுக்குள்ள அனுப்பு," என்றான் அவன், அவளைப் பார்க்காமல்.

"சும்மா இரு. காப்பி குடிச்சிட்டு அனுப்பலாம்."

எழுந்து போய்க் காப்பியை அடுப்பில் ஏற்றினாள். அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்து வைத்தாள். இரண்டு. நாங்களோ மூன்று பேர். புரிந்துகொண்டு கிளம்பிவிட்டேன்.

அதனால் மீதியை நான் பார்க்கவில்லை. இன்று அவளிடம் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் அங்கேயே நின்று பாருங்கள். காப்பி மட்டும் கேட்காதீர்கள்.